சொந்த வண்டி, அசலூர் வண்டி

அயல்நாட்டில் மிதிவண்டிப் பயணம் போக விரும்புகிறவருக்கு விசாவும் விடுப்பும் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். பழகிய வண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றுவதா, போன இடத்தில் ஒன்றை வாங்கி ஓட்டிவிட்டு வருவதா? இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பணக்கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். சுமைக் கட்டணம் இவ்வளவு, புது வண்டியின் விலை இவ்வளவு, திரும்ப விற்றால் இவ்வளவு என்று. கணக்கு வேண்டியதுதான். ஆனால் நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் அங்கே அதற்குக் கைவைக்கத் தெரிந்தவர் யார் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில் பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டபோது சொந்த வண்டியைத்தான் நம்பினார். ஆம்ஸ்ட்ராங் கேடட் வகை. டான் கிஹோட்டேயின் குதிரையை நினைத்து அதற்கு ரோஸ் என்று பெயரும் வைத்திருந்தார். கிளம்புவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்த வண்டியில் இருந்த மூன்று வேக கியரைக் கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளுக்கு அது தாக்குப்பிடிக்காது என்பது அவர் எண்ணம். உதிரி டயர்களை வழியிலுள்ள தூதரகங்களுக்கு முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பிவைத்தார். அந்த ஜூலையில் தில்லி வந்து சேர்ந்தார். 1965இல் வெளிவந்த அவருடைய ‘ஃபுல் டில்ட்’ நூலைத் துணிச்சலின் கதையாகவே பலரும் படிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கியரைக் கழற்றியதில்தான் அவருடைய அறிவு தெரிகிறது. சொந்த வண்டியையே, போகிற ஊர்களின் கொல்லர்களுக்குப் புரிகிற வண்டியாக மாற்றிக்கொண்டார்.

எதிர்த்திசையில் போனவர் ஆனி லண்டன்டெரி. 1894இல் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டவர், 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் வண்டியோடு சிகாகோ வரை வந்து, அங்கே அதைக் கைவிட்டு 21 பவுண்டு ஆண்கள் வண்டிக்கு மாறினார். வண்டியின் மேல் பாசம் என்பதெல்லாம் பாதி எடை குறைகிறபோது கரைந்துவிடும் போலும்.

வண்டியைப் பெட்டியில் அடைப்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. புது வண்டிகள் வந்திறங்கிய அட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டால் தருவார்கள். பெடல்களைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் சுழலும், அது தெரியாமல் முக்கி முக்கி மரையைத் தின்றுவிடுகிறவர்கள் உண்டு. முன்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஃபோர்க்கின் இரு முனைகள் நசுங்காதபடி நடுவில் ஒரு கட்டையைக் கொடுக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, பின்பக்கக் கியர்மாற்றியை அவிழ்த்து உள்ளே சுருட்டி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் பெட்டி சுமார் 140 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணப் பயணப்பெட்டிக்கு நீள, அகல, உயரங்களின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டர் என்று பல விமான நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே மிதிவண்டிக்கென்று அந்த நிறுவனம் தனிவிதி வைத்திருக்கிறதா என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, போகும்போது தூக்கி எறிந்த அட்டைப்பெட்டி திரும்பும்போதும் வேண்டும்.

ஆனால் டயர் விஷயம் பெட்டிக்குள் அடங்காது. நம் பழைய கறுப்பு வண்டிகளின் டயர் 28 அங்குலம். மலைவண்டி என்று விற்பவற்றில் 26. இன்றைய பயண வண்டிகள் பலவற்றில் 700சி. 26 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடவும் கூடாது. பின்னத்தில் எழுதிய 26க்கு விளிம்பு விட்டம் 590 மில்லிமீட்டர்; தசமத்தில் எழுதிய 26க்கு 559. ஒன்று மற்றொன்றின் மேல் உட்காராது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் இந்த மூன்றிலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் பாதிப் பயணத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

நாட்டுக்கு நாடு விடை மாறும். நியூசிலாந்துக்குப் பழைய வண்டியைக் கொண்டுபோனால் ஒரு துளி மண் இல்லாமல் கழுவிக்கொண்டு போய், அதை அறிவிக்கவும் வேண்டும். ஜப்பானில் வாங்கினால் திருட்டுத் தடுப்புப் பதிவு சட்டப்படி கட்டாயம். மாறாக, சொந்த வண்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டு ரயிலில் ஏற்றுவது அங்கே தினசரி வழக்கம், அதற்கென்று தனிச்சொல்லே உண்டு. இலங்கையிலேயே இரண்டு விடைகள். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு மிதித்து ஏறுகிறவர் கியர் உள்ள சொந்த வண்டியைக் கொண்டுபோவதே முழங்காலுக்குச் செய்யும் மரியாதை. யாழ்ப்பாணக் குடாநாடு உள்ளங்கை போலத் தட்டை. அங்கே கியருக்கு வேலையில்லை.

நான் போனது யாழ்ப்பாணத்துக்கு, 2024 ஜனவரியில், பத்து நாள். என் வண்டியைச் சென்னையிலேயே விட்டுவிட்டேன். தட்டை நிலம் என்பது ஒரு காரணம். மற்றொன்றைச் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சைக்கிளை இவ்வளவு கடுமையாகக் கற்ற ஊர் தமிழ் பேசும் நிலத்தில் வேறில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமற்போன ஆண்டுகளில் அந்தக் குடாநாடே மிதிவண்டியில்தான் நகர்ந்தது. வண்டியைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது கூட்டம் நிறைந்த பாதையில் வீட்டின் மிச்சத்தைத் தாங்கியதும் இந்த வண்டிகள்தாம். அங்கே கார்பன் ஃபோர்க் போட்ட ஒன்றை உருட்டிக்கொண்டு நிற்க எனக்குக் கூசியது.

ஆகவே இருக்கையை மட்டும், அதைப் பிடிக்கும் கிளாம்போடு கழற்றி எடுத்துக்கொண்டேன். தோல் இருக்கை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவரின் எலும்புக்கு வளைந்துகொடுத்தது. அதைக் கடையில் வாங்க முடியாது. பெடலிலிருந்து இருக்கையின் உயரத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாற்பதைக் கடந்த முழங்காலுக்கு வண்டி யாருடையது என்பது பொருட்டில்லை. அந்த உயரம் இரண்டு விரற்கடை தாழ்ந்தால் மூன்றாம் நாள் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே எழுத்தில் அதைத் துவிச்சக்கரவண்டி என்கிறார்கள். நாம் மிதிவண்டி, ஈருருளி என்றெல்லாம் தமிழாக்கிக்கொண்டிருக்க, அவர்கள் வடசொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, பேச்சில் நம்மைப் போலவே சைக்கிள் என்கிறார்கள். கடையில் பழைய லுமாலா ஒன்று, 22,000 இலங்கை ரூபாய். நம் கணக்கில் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறித்து ரசீது எழுதித் தந்தார் கடைக்காரர். அறுபதைத் தாண்டியவர். நான் பையிலிருந்து இருக்கையை எடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைக் காவிக்கொண்டு வந்தனீங்கள், சைக்கிளை ஏன் சேர் கொண்டு வரேல்லை?”

“அது இங்கே பழுதானால் யார் ஐயா பார்ப்பார்கள்?”

“அதுவும் சரிதான்” என்றார். நூலை வாங்கி அளந்து, ஸ்பேனரை முறுக்கியபடியே, கேட்காமலே சொன்னார்: “இப்பிடியொரு சைக்கிளிலதான் அம்மாவையும் ரண்டு மூட்டையையும் வைச்சு நாவற்குழிப் பாலம் தாண்டினது. ஓட இடமெங்க? விடியவிடிய உருட்டினது.” அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காற்றைச் சரிபார்க்கக் குனிந்துவிட்டார்.

வாங்கிய வண்டிக்கு அதற்குரிய வரியும் உண்டு. பண்ணைப் பாலம் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போகும்போது வாடைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிற்று. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில். இருபுறமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை, மாற்றிக்கொள்ளக் கியரும் இல்லை. என் சொந்த வண்டியை நினைத்து ஏங்கியது அந்த ஒரு மாலையில்தான். புங்குடுதீவில் பின்சக்கரம் காற்றிறங்கியது. வீட்டு வாசலில் நின்ற பையன் ஒருவன் உள்ளே ஓடித் தகப்பனைக் கூட்டிவந்தான். அவர் ஒரு வாளித் தண்ணீரும் அரத்துண்டும் பசையுமாகப் பத்து நிமிடத்தில் வேலையை முடித்தார். என் வண்டியாக இருந்திருந்தால் அந்த மெல்லிய டியூபுக்கு ஏற்ற வால்வு பம்பை முதலில் தேட வேண்டியிருந்திருக்கும்.

பத்தாம் நாள் கடைக்காரர் 16,000 ரூபாய்க்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். என் இருக்கையைக் கழற்றிக்கொண்டேன். அவர் பழைய ஸ்பிரிங் இருக்கையை மாட்டி வண்டியை வரிசையில் நிறுத்தினார். பின் டியூபில் புங்குடுதீவில் போட்ட ஓர் ஒட்டு இருக்கிறது, வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

“ரண்டு ஒட்டெண்டு சொல்லுறன்” என்றார். ஒன்று நான் வாங்குவதற்கு முன்பே இருந்ததாம்.