பாட்டுக்குப் படியளப்பவர்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பேத்தி ஸ்ரீரங்கத்து அரையர் சேவையை ஆராய அமெரிக்காவில் ஏதோ ஃபெல்லோஷிப்புக்கு மனுப் போடப் போகிறாளாம். "நம்ம கோயில் பாட்டைப் பத்தி எழுத அவன் எதுக்குடா சம்பளம் கொடுக்கிறான்? உள்நோக்கம் ஏதாச்சும் இருக்குமா?" என்று போனில் கேட்டீர்கள். போனில் பேசித் தீர்கிற விஷயமில்லை இது.

அவள் சொன்னது யேல் பல்கலைக்கழகத்தின் சமய இசை நிறுவனம். நியூயார்க்கில் கிறிஸ்தவ இறையியல் கல்லூரி ஒன்றின் இசைப் பள்ளி மூடப்பட்டபோது, அதன் தொடர்ச்சியாக 1973ல் யேலில் உருவானது. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்களையும் பாடகர் குழு நடத்துபவர்களையும் பயிற்றுவித்த இடம், இப்போது எந்தச் சமயத்தின் இசையை, கலையை ஆராய்கிறவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கல்வியாண்டு அங்கேயே தங்க வேண்டும். உதவித்தொகையும் நூலகமும் உண்டு. உள்நோக்கம் என்றால், புத்தகம் எழுதி முடிக்க வேண்டும் என்பதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்தவர். சொந்த வியாபாரத்திலும் நன்றாகச் சம்பாதித்தவர். அவர் அனுப்பிய சரக்கை விற்றுக் கிடைத்த 562 பவுனுக்காகத்தான், பிற்பாடு யேல் பல்கலைக்கழகமான கல்லூரிக்கு 1718ல் அவர் பெயரை வைத்தார்கள். நம் ஊர்க் காசில் கொஞ்சம் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்களேன்.

இப்படிக் கொடுக்கிற பணம் எங்கே போய்க் காய்க்கும் என்று கொடுப்பவருக்கே தெரியாது. ஜான் ஹிக்கின்ஸை உங்களுக்கு நினைவிருக்கும். வேட்டி கட்டிக்கொண்டு 'எந்தரோ' பாடுவாரே என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவர், புல்லாங்குழல் டி. விஸ்வநாதனிடம் கற்றுக்கொள்ள ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்தவர். கொஞ்ச காலத்திலேயே திருவையாறு ஆராதனையில் பாடினார். பரதநாட்டியத்தின் இசையைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பிறகு அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் ஃபெல்லோவாக மறுபடியும் வந்து இசைத்தட்டுகள் கொடுத்தார். 1984ல், நாயோடு நடந்து போனவரைக் குடிபோதையில் வந்த ஒருவன் வண்டியால் மோதிக் கொன்றுவிட்டான். வயது 45.

எனக்கு இதில் முக்கியம் அவர் 1971ல் செய்த காரியம். இங்கே யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியபோது, கூடவே மிருதங்கம் திருச்சி சங்கரனையும் வரவழைத்துக்கொண்டார். லால்குடிப் பக்கத்துப் பூவாளூர்க்காரர். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். ஹிக்கின்ஸ் போய்விட்டார், சங்கரன் பல பத்தாண்டுகள் இங்கேயே இருந்து சொல்லிக்கொடுத்தார். 2011ல் சங்கீத கலாநிதி ஆனார். இன்று இந்த ஊரில் பிறந்த பையன் ஒருவன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடந்தலையில் அப்பி, கட்டைவிரலால் ஓரத்தை ஒதுக்கி, ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறான். ஒரு அமெரிக்க மாணவனுக்கு எவரோ ஒரு கமிட்டியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அந்தக் கமிட்டி இதை நினைத்தே பார்த்திருக்காது.

நம் நாட்டிலும் இப்படிக் கொடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. மத்திய கலாசார அமைச்சகம் ஆண்டுக்கு 400 பேர் வரைக்கும் ஃபெல்லோஷிப் கொடுக்கிறது. இளையவர்களுக்கு மாதம் 10,000, மூத்தவர்களுக்கு 20,000, இரண்டு வருஷத்துக்கு. திருச்சியில் வீட்டு வாடகை போக மிச்சத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும்! ஆபிரகாம் பண்டிதர் மருந்து விற்ற காசில் 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் கூட்டி, 1917ல் 'கருணாமிர்த சாகரம்' போட்டார். அவருக்கு எந்தக் கமிட்டியும் கிடையாது. நம் ஊர்ப் பெயரைச் சுமந்த முசிறி சுப்பிரமணிய ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949ல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது அவரைத்தான் முதல் முதல்வராக உட்கார வைத்தார்கள். பாடத் தெரிந்தவருக்கே சம்பளம் கொடுத்து, சொல்லிக்கொடு என்றார்கள்.

என் மனக்குறை இங்கேதான். ஸ்ரீரங்கத்தில் மார்கழித் திருநாளில் அரையர் கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்கிறார். முத்துக்குறியில் தாயாகவும் மகளாகவும் முத்தைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஒரே ஆள் மாறி மாறி நிற்கிறார். அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் படிந்த வித்தை. ஃபெல்லோஷிப் படிவம் பெரும்பாலும் கேட்பதோ முனைவர் பட்டம், வெளியான கட்டுரைகள், ஆங்கிலத்தில் ஆய்வுத் திட்டம், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள். அரையரைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரு வருஷம் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. வெஸ்லியன் அந்தக் காலத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டது. விஸ்வநாதனின் தம்பி... இல்லை, அண்ணன்தான், மிருதங்கம் ரங்கநாதனை 1963லேயே அழைத்துக் கலைஞராகவே வைத்துக்கொண்டது. விஸ்வநாதனுக்கும் அங்கேயே இடம் கொடுத்தது. 1975ல் முனைவர் பட்டமும் கொடுத்தது. வாசிக்கிறவரும் ஆராய்கிறவரும் ஒரே தாழ்வாரத்தில் நடந்தார்கள்.

ஆகவே, பேத்தி தாராளமாக மனுப் போடட்டும். ஆனால் தலைப்பைச் சுருக்கச் சொல்லுங்கள். 'திவ்யப் பிரபந்தமும் தமிழிசையும்' என்று போட்டால் கமிட்டிக்காரர் கொட்டாவி விடுவார். மார்கழித் திருநாளின் முதல் பத்து நாளான பகல்பத்தில் ஒரே ஒரு நாள், அர்ச்சுன மண்டபத்தில் நடப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். எந்த இடத்தில் தாளம் நிற்கிறது, எங்கே பாட்டு விட்டு உரை தொடங்குகிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும். கோயிலில் அனுமதி கேட்டு, கிடைத்த பிறகுதான் ரெக்கார்டரை எடுக்க வேண்டும். ஆராய்ச்சிச் செலவுக்குத் தனியாகத் தொகை தருகிற ஃபெல்லோஷிப்பாக இருந்தால், வரவுசெலவுப் பக்கத்தில் விமான டிக்கெட்டுக்கு மேலே, முதல் வரியாக, சொல்லிக்கொடுக்கிறவருக்கான தட்சணையைப் போடச் சொல்லுங்கள். பழத்தட்டில் வைக்கிற ஐந்நூறு ரூபாயை நான் சொல்லவில்லை. மாதாமாதம் போகிற தொகை. கமிட்டி கேள்வி கேட்டால் பதில் எழுத நான் உதவுகிறேன்.

மனுவின் நகலை வாட்ஸ்அப்பில் போடாமல் மின்னஞ்சலில் அனுப்பட்டும். சித்திக்கு என் வணக்கம். கோரைப்பாய் இரண்டு கேட்டிருந்தேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்