மேளம் வேணும், மேளக்காரன் வேணாம்

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். முந்தின இரவு காரைக்காலில் பஸ் ஏறிய நாங்கள் மூன்று பேர், மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்று மத்தியானமே போய் உட்கார்ந்துவிட்டோம். அன்று 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. 'சாதியற்ற' என்ற அந்தப் பெயரே அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது.

கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். கிடாருக்குப் பக்கத்தில் பறை, சட்டி, கட்டை மோளம். வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானா, மைக் முன்னால் நிமிர்ந்து நின்றது. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. இசைவாணி பாடியபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அக்கா அழுதுகொண்டே கைதட்டினார். நானும் கத்தினேன், ஆடினேன். பறை முழங்கியபோது மட்டும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் நெடுங்காடு பக்கம். டெல்டாவில் பறையைத் 'தப்பு' என்றுதான் சொல்வோம். தாத்தா காலம்வரை ஊர்த்தெருவில் யார் செத்தாலும் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். போய்த்தான் ஆக வேண்டும். கூலி என்று பேசிக் கொடுப்பது கிடையாது. கொஞ்சம் நெல், கொஞ்சம் சில்லறை. மற்றபடி சாராயம். எங்கள் பகுதியில் அதற்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. குடிக்க வைத்தே வேலை வாங்கினார்கள், பிறகு குடிகாரன் என்றும் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இருபது வயது இருக்கும்போது தெரு இளைஞர்கள் அம்பேத்கர் படத்துக்கு முன்னால் கூடி, இனி சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அடுத்த அறுவடைக்கு எங்கள் தெருவில் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் மண்டை உடைந்தது. தாத்தாவின் தப்பை அப்பா கொல்லையில் போட்டு எரித்தார். 1927-இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டைத் தூக்குவதை விடுங்கள் என்று மகர் மக்கள் முடிவெடுத்தார்களே, அதே முடிவுதான். இழிவைச் சுமத்துகிற வேலையை முதலில் கீழே போடு. அப்பா படித்தது ஆறாம் வகுப்பு. மகாடு பற்றி அவருக்குப் பிறகுதான் தெரியும்.

இசை எங்கள் வீட்டில் இல்லாமல் போய்விடவில்லை. மாமா வீட்டு டேப் ரெக்கார்டரில் கே.ஏ. குணசேகரனின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டு போனவர் அவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 2016 ஜனவரியில் காலமானார். வெண்மணி எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. கேசட் திரும்பத் திரும்ப ஓடி நாடா இழுத்துக்கொண்டால் மாமா பென்சிலை விட்டுச் சுற்றுவார். நான் முதலில் ரசிகன் ஆனது அந்தக் குரலுக்குத்தான்.

கீழ்ப்பாக்கம் நிகழ்ச்சி முடிந்த சில மாதங்களில், பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் ஒரு பறை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இத தூக்கி எறியத்தான் நாங்க அடி வாங்கனோம் தம்பி. நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்ற."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பறை விடுதலையின் கருவி, இது இப்போது எங்கள் அடையாளம் என்றேன். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று பெண்களே பறையடித்து ஊர் ஊராகப் போகிறார்கள் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "மேடையில அடிக்கிறது சரி. எறங்கி வந்தா நம்ம தெரு அங்கயேதான இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்போது பழைய தலைமுறையின் பயம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' வெளியிட்டார்கள். ஆல்பம் வந்த அன்று இயர்போனைக் கழற்றவே இல்லை. அரசாலாற்றுப் பாலத்திலிருந்து கடற்கரைவரை நடந்துகொண்டே முழுவதும் கேட்டேன். பாடமாகப் படித்திருந்தால் ஒரு வருடம் எடுத்திருக்கும் அரசியலை ஒரு சாயங்காலத்தில் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாவின் கதையை அறிவு அதில் வைத்திருந்தார். நிலம் இல்லாதவர்களின் பாட்டு அது. எங்கள் ஊரில் அது ஒலிக்காத கல்யாணம் இல்லை. அன்று எங்கள் தெருவை வேலைக்குக் கூப்பிடாத குடும்பத்தின் கல்யாணத்திலும் அதற்கு ஆடினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவருக்குத் தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. வீட்டில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அப்பா கேட்டார்:

"எழுதுன பையன் எங்க?"

"வெளிநாட்டுல இருக்காராம்ப்பா."

அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மேளம் வேணும், மேளக்காரன் வேணாம். எங்க காலத்துலயும் அதான்" என்றார்.

அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கலைஞர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் 2024-இல் சந்தோஷ் நாராயணன், அவ்வளவு கோடிப் பேர் கேட்ட அந்தப் பாட்டுக்குத் தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னபோது, அப்பா 2018-இல் கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. நெல்லும் சாராயமும் கொடுத்தவர்களிடம் கணக்கு கேட்க முடியவில்லை. இன்றைக்கு ஒப்பந்தம் இருக்கிறது, கணக்கு கேட்கவும் முடிகிறது. ஆனாலும் பணம் வரவில்லை. அதே ஆண்டு 'வள்ளியம்மா பேராண்டி' என்று தன் பாட்டியின் பெயரிலேயே அறிவு ஆல்பம் வெளியிட்டார். பேரை மறந்துபோக முடியாதபடி தலைப்பிலேயே வைத்தார் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

காரைக்கால்காரன் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஊரே கூடிக் கொண்டாடும் காரைக்கால் அம்மையார் பாடியது எதை? திருவாலங்காட்டுச் சுடுகாட்டை. பிணம் எரிகிற இடத்தில் ஆடுகிறவனைப் பாடுகிறார். தக்கை, துந்துபி, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களை வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடுகிறார். சுடுகாட்டு ஆட்டத்துக்கு முழங்கும் தோல்கருவி அவர் பதிகத்தில் புனிதம். எங்கள் தாத்தா சுடுகாட்டுக்கு அடித்த தோல்கருவி மட்டும் எப்படித் தீட்டு ஆனது? சாவும் தோலும் காரணம் இல்லை. அடிக்கிற கை யாருடையது என்பதுதான் காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி விழாவுக்குத் தப்பாட்டக் குழு ஏற்பாடு செய்து தரச் சொன்னார்கள். வாசலிலிருந்து அரங்கம்வரை சிறப்பு விருந்தினரை அழைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அழைப்பிதழில் குழுவின் பெயர் இல்லை. அரங்கத்துக்குள் அவர்களுக்கு நாற்காலி இல்லை. சாப்பாடு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம். ஏற்பாடு செய்தது நான். 'நம்ம கலைக்கு ஒரு வாய்ப்பு' என்ற சந்தோஷத்தில் இதில் ஒன்றையும் முன்கூட்டிக் கேட்காமல் விட்டதும் நான்தான். குழுவின் மூத்தவர் போகும்போது, "பரவால்ல தம்பி, பழகுனதுதான்" என்றார். கீழ்ப்பாக்கத்தில் தொண்டை கட்டும்வரை கத்திய ரசிகனுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை.

அதற்குப் பிறகு நான் சில விஷயங்களைக் கட்டாயமாக்கிக்கொண்டேன். கூலி முன்னாலேயே பேசி, பாதி முன்பணம். அழைப்பிதழில் குழுவின் பெயரும் ஆசானின் பெயரும். வாசலில் மட்டும் அடிக்க அனுப்புவதில்லை, மேடையில் குறைந்தது பதினைந்து நிமிடம். எல்லோரும் சாப்பிடும் பந்தியில் சாப்பாடு. சாராயம் கிடையாது. ஒத்துக்கொள்ளாத இடத்துக்கு ஆள் அனுப்புவதில்லை. இதனால் இரண்டு நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. ஒரு நிகழ்ச்சி சொன்னபடி நடந்தது.

2025-இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது செய்தியை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "பேரப் போட்ருக்கான்" என்றார். பறையை அவர் இன்னும் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று நானும் இப்போது கேட்பதில்லை. அவர் கீழே போட்டதும் நான் கையில் எடுத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். அவர் எரிக்காமல் இருந்திருந்தால், இன்றும் எனக்கு அது கட்டளைக்கு அடிக்கிற மேளமாகத்தான் இருந்திருக்கும்.

தம்பி, தங்கைகளே, புது ஆல்பம் வந்தால் கேளுங்கள், பகிருங்கள், நிகழ்ச்சிக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை கத்துங்கள். கூடவே எழுதியவர் பெயரையும் அடித்தவர் பெயரையும் தேடிப் பாருங்கள். காசு யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். உங்கள் கல்லூரி விழாவுக்குப் பறை வருகிறதா? குழுவின் பெயர் அழைப்பிதழில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் அச்சுக்குப் போவதற்கு முன்பே சண்டை போடுங்கள்.

ஜெய்பீம்.