யாம் வாங்கிய பழைய வண்டி

வண்டி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் இயந்திரத்தின் ஓசைக்கே செவி கொடுப்பர். திறப்பைத் திருகியவுடன் உயிர்பெறுகின்றதா, புகை கறுப்பா வெளுப்பா, ஒரு லீற்றர் டீசலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பனவே அவர்தம் வினாக்கள். ஓடும் வண்டி நிற்குமா என வினவுவோர் சிலரே. யாம் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கி அதன் பிறேக்கைச் சீர்செய்வித்த வரலாறு, வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கும் பௌதிகம் பயிலும் இளைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமென எண்ணி இதனை எழுதுகின்றோம். தமிழாசிரியர் பிறேக்கைப் பற்றி எழுதுவதா என முகஞ் சுளிப்போர் உளராயின், திசைச்சொற்களையும் செய்யுட்கு உரியனவாகத் தொல்காப்பியர் ஏற்றமையை அன்னார்க்கு நினைவூட்டுகின்றோம்.

எம் தம்பியார் வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் மரவள்ளியும் பயிரிடுபவர். விளைந்தவற்றைச் சுன்னாகச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வேண்டியிருந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. 2025 பெப்ருவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், புதிய வண்டியொன்று ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுவதாயில்லை. ஆகவே, முப்பதாண்டு கடந்த சப்பானிய வண்டியொன்றை இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக். பின்சில்லுகளுக்கு டிறம் பிறேக்.

முதற் கிழமையிலேயே இரண்டு குறைகள் வெளிப்பட்டன. பிறேக் மிதியை மெல்ல அழுத்திப் பிடித்தால், அது ஓரிடத்தில் நில்லாது சிறிது சிறிதாகக் கீழிறங்கும். இஃது ஒன்று. ஐந்தாறு கிலோமீற்றர் ஓடியபின் எவரும் மிதியாமலே சில்லுகள் இறுகும்; கரிந்த நாற்றம் எழும். இது மற்றொன்று. வெளியே ஒரு துளிக் கசிவுமில்லை. பிடிக்க வேண்டியபோது பிடியாமையும் விட வேண்டியபோது விடாமையும் ஒரே வண்டியில் எவ்வாறு அமைந்தன என்பது எமக்கு விளங்கவில்லை.

முதலிற் சென்ற கராச்சில் லைனர்களை மாற்றிக் காற்றையும் எடுத்துத் தந்தனர். இரண்டு நாள் நன்றாயிருந்தது. மூன்றாம் நாள், பாடசாலை விடும் வேளை, பிள்ளைகள் வீதியைக் கடக்கையில் மிதி தரைமட்டும் சென்றது. தம்பியார் கைப்பிறேக்கை இழுத்தார். அது கம்பியினால் இயங்குவதாதலின் வண்டி நின்றது. வெண்சீருடைப் பிள்ளைகள் யாதுமறியாது சிரித்துப் பேசிக்கொண்டே கடந்து சென்றனர். அன்றிரவு தம்பியார் உண்ணவில்லை.

மறுநாள் வேறொரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியை இழுப்பித்துச் சென்றோம். அவர் ஆயுதம் எதனையும் எடுத்தாரல்லர். பிறேக் திரவம் நிற்கும் சிறு பாத்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளிருந்த இறப்பரை எடுத்துக் காட்டினார். அது ஊறிய அப்பளம்போல் உப்பி நெளிந்திருந்தது. பின்னர் ஒரு போத்தலில் தெளிந்த நீரெடுத்து, அத்திரவத்திற் சிறிது விட்டுக் குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது.

இங்கேதான் ஒரு சொல்லின் குற்றம் வெளிப்பட்டது. ஊரில் யாவரும் அதனைப் "பிறேக் ஓயில்" என்றே வழங்குகின்றனர். உண்மையில் அது எண்ணெயன்று. பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படுவது கிளைக்கோல் வகைத் திரவம். நீரோடு முற்றாகக் கலப்பது. "ஓயில்" என்னும் பெயரை நம்பி, முன்பு எவரோ குறைந்த அளவை இயந்திர எண்ணெயால் நிரப்பியிருக்கின்றார். பிறேக்கின் இறப்பர்கள் எண்ணெய் பட்டால் உப்பி மென்மையாகும். பிரதான சிலிண்டரில், மிதியை விட்டதும் திரவம் பாத்திரத்துக்கு மீள்வதற்கு ஒரு நுண்துளை உண்டு. உப்பிய இறப்பர் அதனை அடைத்தமையால், சூடேறி விரிந்த திரவம் மீள வழியின்றிச் சில்லுகளை இறுக்கியது. அவ்விறப்பரின் விளிம்பே மென்மையாகித் தளர்ந்தமையால், அழுத்தும்போது திரவம் உள்ளுக்குள்ளேயே நழுவி மிதி இறங்கியது. இரு குறைகளுக்கும் மூலம் ஒன்றே.

பிரான்சிய அறிஞர் பஸ்கால் (1623–1662) கண்ட விதியை மாணவர் அறிவர். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துக் கொடுக்கும் அழுத்தம் குறையாது எல்லாவிடத்தும் பரவும். 5 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 50 கிலோகிராம் பாரம் அழுத்தினால், 10 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 100 கிலோகிராம் பாரத்துக்கு ஈடான விசை பிறக்கும். நான்கு சில்லுகளுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் அத்திரவமே குற்றத்தையும் நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்தளித்திருந்தது.

பிரதான சிலிண்டரைப் பிறேக் வேலை செய்வோர் "மாஸ்ரர்" என்பர். எம்மையும் ஊரார் அவ்வாறே அழைப்பராதலின், அக்கராச்சில் எவரைக் குறித்துப் பேசுகின்றனரெனச் சிலவேளை மயங்கினோம். "அந்த மாஸ்ரரை மட்டும் மாற்றினாற் போதாதா, அண்ணை?" என வினவினோம். வெங்காயம் கிண்டும் காலம்; முழுவேலைக்கோ எம் இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "மாஸ்ரர், ஒண்டை மட்டும் மாத்திப்போட்டு வாகனத்தை நான் தரமாட்டன். மிச்ச றப்பருகளும் உந்த எண்ணெயிலைதானே ஊறினது. பேந்து ஒரு பிள்ளையிலை பட்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார். தம்பியார் எம்மைப் பார்த்தார். இருவரும் உடன்பட்டோம். வெங்காயம் வாடகை வண்டியிற் சென்றது.

ஒன்பது நாள் வேலை நடந்தது. பிரதான சிலிண்டர், பின்சில்லுச் சிலிண்டர்கள், முன்பிறேக்கின் இறப்பர்கள், வளையும் குழாய்கள், பாரத்துக்கேற்பப் பின்சில்லின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு யாவும் மாற்றப்பட்டன. இரும்புக் குழாய்கள் ஸ்பிரிட்டினாற் கழுவப்பட்டன. காற்றெடுக்கும் வேலையில் மிதிமேற் கால் வைக்கும் பொறுப்பு எமக்குக் கிடைத்தது. பிரதான சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சில்லிலிருந்து தொடங்கினார். "அமத்துங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ" என மூன்றே ஏவல்கள். அவர் திருகாணியை மூடுமுன் காலை எடுத்தாற் காற்று உட்புகும். வகுப்பிலே நாள்தோறும் ஏவும் யாம் அன்று ஏவலுக்குப் பணிந்து ஒரு மணிநேரம் இருந்தோம்.

பணத்தை எண்ணிக் கொடுக்கையில் கை தயங்கியது உண்மையே. எனினும் கணக்கு எம் பக்கமே. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, நல்ல பிறேக்கும் உலர்ந்த தார்வீதியும் இருப்பின், மிதித்தபின் ஏறத்தாழ 10 மீற்றரில் நிற்கும்; 60 கிலோமீற்றராயின் 23 மீற்றர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்காயின் தூரம் இரண்டேகால் மடங்காகும். பழுதான பிறேக்குக்கு இக்கணக்கு எதுவும் இல்லை.

பழைய வண்டி வாங்குவோர் நான்கு செயல் செய்க. பிறேக் திரவப் பாத்திரத்தைத் திறந்து இறப்பரைப் பாருங்கள். இயந்திரம் ஓடுகையில் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், அது இறங்கலாகாது. சில கிலோமீற்றர் ஓடியபின் ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று, ஒன்று மட்டும் மிகச் சுடுகின்றதா என அறியுங்கள். திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கொதிநிலை குன்றி, நெடிய இறக்கங்களிற் கைவிடும்.

விழாவுக்குத் தொலைவிலிருந்து வண்டியில் வரவிருக்கும் பழைய மாணவ நண்பர்கள் புறப்படுமுன் அம்மூடியை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. நிரப்ப வேண்டியிருப்பின், கடையிலே "ஓயில்" எனக் கேளாது, போத்தலின்மேல் எழுதியிருப்பதை வாசித்து வாங்குவாராக.