கரையோர வெயிலில் உருண்டைச் சாலாட்



“டீச்சர், இது ஏன் கேமரன் மலையில மட்டும் காய்க்குது?” என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அவன் காட்டியது பாடநூலில் இருந்த உருண்டைச் சாலாட்டின் படம். சந்தையில் ‘சாலாட் பூலாட்’ என்று கேட்டால் கிடைக்குமே, அதுதான். அது காய் அன்று, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த இலைகளின் திரட்சி என்று விளக்கினேன். ஆயினும் அவனுடைய ‘ஏன்’ அப்படியே நின்றது. கம்போங் குவாந்தான் வட்டாரத்திலேயே பயிரிட்டுப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

காரணம் தட்பவெப்பம்தான். இவ்விலைகள் நெருங்கி மடிந்து உருண்டை கட்டுவதற்குப் பகலில் 20 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமும் அதனினும் குளிர்ந்த இரவும் வேண்டும். கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே உள்ள கேமரன் மலையில் அது ஓரளவு வாய்க்கிறது. கோலசிலாங்கூரிலோ பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். இரவும் அதிகம் குளிராது. வெப்பம் மிகுந்தால் செடி உருண்டை கட்டுவதை விட்டுத் தண்டை உயர்த்திப் பூக்க முனைகிறது. இலையில் பால் ஏறிக் கசக்கிறது. விதையும் கடும் வெப்பத்தில் முளைக்காமல் உறங்கிவிடும்.

ஆகவே 1941 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட, ஓரளவு வெப்பத்தைத் தாங்கக்கூடிய ‘கிரேட் லேக்ஸ்’ என்னும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். விதைகளை ஈரத்துணியில் பொதிந்து இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தோம். இவ்விதை முளைக்க வெளிச்சமும் துணை செய்வதால், விதைத்தபின் மேலே மண்ணை மெல்லத் தூவினோம். இங்குள்ள கரையோரக் களிமண்ணில் மழைநீர் தேங்கும். அதனால் மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய கோழி எருவைக் கலந்தோம். தஞ்சோங் காராங் வயலிலிருந்து கிடைத்த வைக்கோலைப் பரப்பி வேர்ப்பகுதியைக் குளிர்வித்தோம். ஒரு பாத்தி முழு வெயிலில். மற்றொன்றின் மேல் கறுப்பு நிழல்வலை. இரண்டிலும் பன்னிரண்டு நாற்றுகள்.

கேள்வி கேட்ட அந்த மாணவனிடமே பதிவேட்டை ஒப்படைத்தேன். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராதவன் அவன், எழுதுவதென்றாலே பின்வாங்குவான். செடிக்கு நீர் ஊற்ற வேண்டுமே என்று காலை மணியடிக்கும் முன்னரே வரத் தொடங்கினான். அழைத்துச் செல்ல வரும் அவனுடைய பாட்டி, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “முருங்கையும் பசலையும் தானா வளர்ற மண்ணுல இதுக்கு ஏம்மா இத்தனை சீராட்டு?” என்று சிரிப்பார், சிரித்துக்கொண்டே களையும் பிடுங்குவார்.

நான்காம் வாரத்தில் நத்தையும் புழுவும் வந்தன. மருந்து அடித்தால் ஒரே நாளில் தீரும் என்றார்கள். ஆனால் எங்கள் கால்வாய் நீர் சிலாங்கூர் ஆற்றை நோக்கித்தான் ஓடுகிறது. இரவில் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகளின் புழுக்கள் அந்த ஆற்றங்கரையின் ஈரமண்ணில் வாழ்கின்றன. அங்குள்ள சிறு நத்தைகளே அவற்றின் உணவு. ஒரு பாத்திச் சாலாட்டுக்காக அந்த நீரில் நஞ்சு கலக்க வேண்டுமா என்று மாணவர்களிடமே கேட்டேன். மறுநாள் காலை முதல் வாளியோடு வந்து கையாலேயே பொறுக்கினார்கள்.

எட்டாம் வாரம் முடிவு தெரிந்தது. வெயில் பாத்தியில் பெரும்பாலான செடிகள் தண்டு நீண்டு கசந்தன. நிழல் பாத்தியில் ஏழு செடிகள் உள்ளிலைகளை மடித்து, கைப்பிடி அளவில் தளர்ந்த உருண்டைகளாயின. கடையில் காணும் இறுக்கம் எதிலும் இல்லை.

பெற்றோர் வருகை தரும் நாள் நெருங்கியது. “சந்தையில் நல்லதாய் நாலு வாங்கிப் பாத்தியில் வைத்துப் படமெடுத்துவிடலாமே!” என்றார் உடன் பணியாற்றும் ஒருவர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எட்டு வாரம் அந்தச் சிறுவன் எழுதிய பதிவேடு என்னாவது? கண்டதை எழுது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, காணாததைக் காட்சிக்கு வைப்பது எந்தப் பாடத்தில் சேரும்? இரண்டு பாத்திகளையும் உள்ளவாறே விட்டோம். அவன் பெற்றோர்முன் நின்று தன் பதிவேட்டை வாசித்தான்: “வெயிலில் உருண்டை கட்டவில்லை. நிழலில் கொஞ்சம் கட்டியது. நம் ஊர் இரவு இதற்குச் சூடு.” அவன் ஒரு வாசகத்தைத் தடுமாறாமல் முடித்ததை அன்றுதான் கேட்டேன்.

நம் வட்டாரத்தில் முயல விரும்புவோர் மழை மாதங்களில் தொடங்குங்கள். நிழல்வலை கட்டுங்கள்; உருண்டைக்காகக் காத்திராமல் தண்டு நீளும் முன்பே அறுத்துவிடுங்கள். இறுக்கமான உருண்டைதான் வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும். அந்த மலையும் நமக்காகச் சும்மா விளைவித்துத் தரவில்லை. காடழித்த சரிவுகளிலிருந்து மண் அரித்து ஓடும் கேமரன் மலையில், 2013, 2014 ஆம் ஆண்டுகளின் வெள்ளமும் சேறும் உயிர்களைப் பறித்தன. தட்டில் விழும் ஓர் இலைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

அறுத்த உருண்டைகளைப் பாட்டி வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் கிளறித் தந்தார். லேசான கசப்புதான். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.