மட்கார்டுல இருந்தவன் பாசஞ்சரா?

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லைச் சரிபார்க்குற சாப்ட்வேர்தான் மக்கா நமக்குச் சோறு போடுது. அங்க ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சா, ஒடிஞ்சதுக்கு ஒரு கோட். எப்படி ஒடிஞ்சதுன்னு சொல்ல இன்னொரு கோட். 2015 அக்டோபர்ல இருந்து இதுக்கு ஐசிடி-10 தான். எப்படிங்கிற கோட் எப்பவும் ரெண்டாமத்துதான், முதல் இடத்துல வரவே கூடாது.

காடு, மணல்மேடு, பனின்னு ரோட்டுக்கு வெளிய ஓடவே செஞ்ச வண்டிகளுக்கு வி86. நாலு சக்கர ஏடிவியில பின்னால போனவனுக்கு, பொது ரோடு இல்லாத இடத்துல அடிபட்டா வி86.65எக்ஸ்ஏ. 'ஏ'ன்னா சிகிச்சை நடந்துட்டிருக்கு. 'எக்ஸ்' சும்மா இடம் பிடிக்க, பஸ் சீட்டுல துண்டு போடுற மாதிரி. கார்னா எதுல மோதிச்சுன்னு பார்த்துக் கோட் மாறும். இங்க மரத்துல முட்டினாலும், இன்னொரு வண்டியில மோதினாலும், கவுந்தாலும் ஒரே கோட்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதோட டீஃபால்ட். எங்க நடந்துச்சுன்னு எழுதாம விட்டா மத்த வண்டிக்கெல்லாம் பொது ரோடுன்னு எடுத்துக்கணும். இந்த வண்டிகள் மட்டுமே மாட்டின விபத்துன்னா நேர் தலைகீழ்: ரோட்டுல இல்லைன்னு எடுத்துக்கணும். எழுதினவன் யோசிச்சிருக்கான்!

சரி, நாஞ்சில் நாட்டுல ஏடிவிக்கு எங்க போக? நம்ம வயல்ல ஓடுறது ட்ராக்டர். அதுக்கு வி84. டிரெய்லர்ல நெல்லுமூட்டை மேல இருந்து போறவன் ஐசிடி கணக்குல பாசஞ்சர். மட்கார்டுல இருக்கவன் பாசஞ்சரே இல்ல! பம்பர், கூரை, ஃபுட்போர்டு, மட்கார்டு எல்லாம் 'வண்டிக்கு வெளிய'. வயலுக்குள்ள விழுந்தா வி84.7, ரோட்டுல ஏறினப்புறம் விழுந்தா வி84.2. பூதப்பாண்டிப் பக்கம் அறுப்பு நேரத்துல வந்து பாருங்க, மட்கார்டுதான் விஐபி சீட்டு.

பாசஞ்சர்னு கோட் போட்டாச்சுன்னா காசு வந்துரும்னும் நினைக்காண்டாம். நம்ம நாட்டுல சட்டம் வேற கணக்கு. டிரெய்லர்ல போன ஒரு கூலித்தொழிலாளி வழக்குல, 2007ல உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லைன்னுதான் சொல்லிச்சு. ஆனா, அந்த ஏழைக்கு முதல்ல பணத்தைக் குடு, பிறகு வண்டிக்காரன்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னும் சொல்லிச்சு. அந்த ரெண்டாவது வரி இல்லைன்னா அந்தக் குடும்பம் என்ன செஞ்சிருக்கும்?

கும்பப்பூ அறுப்புல எங்க சித்தப்பா ஒருத்தருக்கு ட்ராக்டர்ல இருந்து விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'ட்ராக்டரில் இருந்து விழுந்தவர்' - அவ்வளவுதான். ஓட்டினவரா, மூட்டை மேல இருந்தவரா, மட்கார்டா, வயலா, ரோடா, ஒண்ணும் கிடையாது. எழுதாததைக் கோடர் ஊகிக்கக்கூடாது. வக்கீலுக்கும் இந்தச் சீட்டுதான் ஆதாரம்.

சித்தப்பாகிட்ட கேட்டேன், "ஏன் சொல்லல?"

"நான் எங்க இருந்தேன்னு எவன் கேட்டான் மக்களே? கேட்டிருந்தா சொல்லியிருப்பம்லா."