பூண்டுச் சந்தையிலிருந்து பத்து நிமிட நடை

சந்தை நாளில் வடுகபட்டிக்கு வருகிறவர்களுக்கு ஊர்ப் பெயர்ப்பலகை தேவையில்லை. பஸ் நிற்பதற்கு முன்னால் மூக்கே சொல்லிவிடும். கொடைக்கானல் மலையில் விளைந்த பூண்டும் வட இந்தியாவிலிருந்து லாரியில் வந்த பூண்டும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும். வியாழனும் ஞாயிறும் கூடுகிற சந்தை. மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் வியாபாரிகளுக்கும் இந்த ஊர் நன்றாகப் பழகிவிட்டது.

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குப் போகிற சாலையில் வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று ஊர்கள் வரிசையாக வரும். வராக நதித் தண்ணீரில் நெல்லும் தென்னையும் வாழையும் செழிக்கிற பூமி. அதனால்தானோ என்னவோ, அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் நிலத்தில் கஞ்சத்தனம் காட்டினார்கள். பழைய தெருக்களில் ஒரு வீட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் அடுத்த வீடு நிற்கும். சந்தை, கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் எல்லாமே நடக்கிற தூரம். ஊர் முடிகிற இடத்தில் வயல் தொடங்கிவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கவிஞர் வைரமுத்துவின் ஊர். அவர் பிறந்தது மேட்டூர் என்கிற சிற்றூரில். வைகை அணைக்காக அந்தப் பக்கத்து ஊர்கள் காலியானபோது அவர் குடும்பம் வடுகபட்டிக்கு வந்தது. 1959-ல் அணை திறக்கப்பட்டது. நிலத்தை இழந்த அந்த ஜனங்களின் கதைதான் 2003-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. இங்கே வயதானவர்களிடம் நிலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அந்தக் கதை இன்னும் ஆறாமல் வெளியே வரும்.

இப்போது சாலையோரத்தில் வேறு காட்சி. தென்னந்தோப்புக்கு நடுவே வண்ணக் கொடிகள், வெள்ளையடித்த மனைக் கற்கள், ‘டிடிசிபி அப்ரூவ்டு’ பலகை. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’ என்றும் எழுதியிருப்பார்கள். எந்த வண்டியில் என்பதை மட்டும் எழுதமாட்டார்கள்.

அந்த மனையில் வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் தூரம் உறைக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் கிடையாது. ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். வீடு உள்ளே ஒரு கிலோமீட்டர். இருட்டிவிட்டால் ஆட்டோதான். பஸ்ஸில் மிச்சமான காசு ஆட்டோவுக்குப் போகும். அதற்குப் பயந்தே கடன் வாங்கியாவது ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறார்கள்.

இத்தனை வீடுகளுக்கும் இடம் எங்கே என்று கேட்டால், தேனியைப் பார்க்கவேண்டும். 1996-ல் மாவட்டத் தலைநகரான ஊர். திண்டுக்கல்–குமுளி சாலையும் கொச்சி–தனுஷ்கோடி சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. 1928-ல் மதுரை–போடி ரயில் வந்தது. உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2022 மே மாதம்தான் தேனிக்குத் திரும்பியது. போடிக்கு 2023 ஜூனில் போய்ச் சேர்ந்தது. ரயிலே பார்க்காமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள்.

பைபாஸில் பென்னிகுக் பெயரில் பெரிய பேருந்து நிலையம் இருக்கிறது. ஊருக்குள் நேரு சிலைப் பக்கம் பழைய பஸ் ஸ்டாண்ட். ரயில் நிலையம் இன்னொரு இடம். மூட்டை முடிச்சோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்க முடியாது. இந்த மூன்றையும் சரியாக இணைத்து, இவற்றைச் சுற்றி நாலைந்து மாடி வீடுகள் கட்டினால் என்ன என்பதுதான் நகரத் திட்டமிடுபவர்கள் உலகமெங்கும் கேட்கிற கேள்வி. மத்திய அரசு 2017-ல் இதற்கென்றே ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர், அதாவது பத்து நிமிட நடைக்குள், வீடுகளும் கடைகளும் நெருக்கமாக இருக்கட்டும் என்கிறது அது. வடுகபட்டியின் பழைய தெருக்காரர்கள் கொள்கை எதுவும் படிக்காமல் செய்த வேலை!

கணக்கு இப்படி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கு விட்டது போக, 1,200 சதுர அடி மனைகளாகப் பிரித்தால் இருபது வீடு வரும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையின் அளவைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்று பொருள். அதே ஏக்கரில் அடுக்குமாடி கட்டினால், படிக்கட்டு, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஆயிரம் சதுர அடி வைத்தாலும் எண்பது வீட்டுக்குக் குறையாது. அந்த எண்பது வீட்டையும் மனைகளில் கட்டினால் நாலு ஏக்கர் வேண்டும். மிச்சமாகிற மூன்று ஏக்கர் தென்னந்தோப்பாகவே இருக்கலாம்.

வடுகபட்டியிலிருந்து சிங்கப்பூர் ரொம்ப தூரம்தான். ஆனாலும் அங்கே வேலைக்குப் போன தமிழர்களுக்கு தோ பாயோ தெரிந்திருக்கும். அறுபதுகளில் அரசாங்கமே அடுக்கு வீடு கட்டி எழுப்பிய நகர் அது. 1987-ல் சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியபோது, அந்தப் பாதையின் ஒரு முனை தோ பாயோ. ஜனங்கள் நெருக்கமாகக் குடியிருந்த இடத்துக்கு ரயில் தேடி வந்தது.

கிளாம்பாக்கத்தில் கொஞ்சம் மாறிப்போனது. தென்மாவட்ட பஸ்களுக்கான அந்தப் பெரிய முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டபோது, பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியைத் தேடினார்கள். எத்தனை வீடு கட்டினாலும், நிலையத்துக்கு நடக்க நல்ல பாதை இல்லாவிட்டால் ஆளுக்கொரு பைக் வந்து நின்றுவிடும்.

தேனிப் பக்கத்தில் மாடி வீடு என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. மிளகாய் காயப்போட எங்கே போவது? லிஃப்ட் நின்றுவிட்டால் பாட்டி எப்படி இறங்குவாள்? பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க ‘மண்’ எங்கே? நிலையத்துப் பக்கத்து நிலத்தின் விலையைச் சொன்னால், பூண்டு மூட்டை தூக்குகிறவர் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார். கட்டுகிறதில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், அங்கே குடியேறுகிறவர்கள் காரோடு வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

சாயங்காலம் தேனியில் பெரியகுளம் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். பெரியகுளத்தில் இறங்கி, வைகை அணை பஸ் ஏறி, வடுகபட்டி சந்தை நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்குகிறார்கள். பழைய தெருக்காரர்கள் பேசிக்கொண்டே நடந்து போய்விடுகிறார்கள். புது மனைக்காரர் ஒருவர் செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, மகன் வண்டி எடுத்து வருவதற்காக நிற்கிறார்.