இரண்டு முழ மண்டபம்

மிலான் பேராலயத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான். ஆனாலும் சாந்தா மரியா பிரெஸ்ஸோ சான் சாத்திரோவின் வாசலை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். வியா தொரினோ என்கிற அந்தக் கடைத்தெருவில் டிராம் மணியும் துணிப்பைக் கூட்டமும்தான் கண்ணில் படுகின்றன. தேவாலயமோ தெருவை விட்டு உள்ளடங்கி, கடைகளுக்கு இடையே ஒடுங்கி நிற்கிறது. முகப்பு 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. நின்று பார்க்க அதில் ஒன்றுமில்லை.

உள்ளே போனதும் நின்றுவிட்டேன். பலிபீடத்துக்குப் பின்னால் தூண் தூணாக ஒரு மண்டபம் நீண்டு போகிறது. மேலே கட்டம் கட்டமாகப் பொன் பூசிய வளைகூரை. முந்தைய நாள் பிரேரா ஓவியக்கூடத்தில், பியேரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய மாதா படத்தில் பார்த்த கூரை இதற்கு அண்ணன் போலிருந்தது.

பீடத்தை நெருங்க நெருங்க மண்டபத்துக்கு என்னவோ ஆனது. இடப்பக்கம் ஒதுங்கி எட்டிப் பார்த்தேன். தூண்கள் தட்டையாகிக் கோணிக்கொண்டன, கூரை சரிந்து இறங்கியது. அத்தனையும் சுவரோடு ஒட்டிய சுதை வேலை, மேலே வண்ணம். ஆழம் ஒரு மீட்டர்கூட இல்லை. நம் கணக்கில் இரண்டு முழம். சின்ன சலூனில் எதிரெதிரே கண்ணாடி மாட்டி விசாலம் காட்டுவார்களே, அந்த வித்தையைக் கண்ணாடி இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

செய்தவர் பிரமாந்தே. ஊர்பினோ பக்கத்துக்காரர், முதலில் ஓவியர். 1242இல் ஒருவன் கத்தியால் குத்த, இங்கிருந்த மாதா படத்தில் ரத்தம் வழிந்ததாக ஐதீகம். அந்தப் படத்துக்காகத்தான் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயிலைப் பெரிதாக எழுப்பினார்கள். சிலுவை வடிவத்துக்கு நான்காவது கை வேண்டும். பின்னால் வியா ஃபால்கோனே என்கிற தெரு குறுக்கே கிடந்தது. தெருவை நகர்த்த முடியாதவர் கண்ணை நகர்த்திவிட்டார். பிற்பாடு, 1506இல், ரோமில் புதிய புனித பேதுரு பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தபோது வரைபடம் இவருடையதுதான்.

பக்கத்திலேயே 9ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம். புனித அம்புரோசின் சகோதரர் சாத்திரோவின் பெயரில் எழுந்தது. கோயிலுக்குப் பெயர் வந்ததும் இதனால்தான். அங்கே அகோஸ்தினோ தே ஃபொந்துலிஸ் 1483இல் செய்த சுடுமண் சிற்பத் தொகுதி: இறந்த இயேசுவைச் சுற்றி ஓர் இழவு வீடு. மாதா மயங்கிச் சாய்கிறார். சுற்றி நிற்பவர்களின் திறந்த வாயைப் பார்த்தால் ஒப்பாரிச் சத்தம் காதில் விழாதது ஒன்றுதான் குறை. சொல்லப்போனால், பிரமாந்தேயின் கெட்டிக்காரத்தனத்தைவிட இந்த மண் முகங்களே என்னை அதிக நேரம் பிடித்து வைத்தன.

வெளியே வந்து சுற்றிக்கொண்டு வியா ஃபால்கோனேவுக்குப் போனேன். குறுகல் தெரு. கோயிலின் முதுகுச் சுவரை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் நின்றது.

மறுபடி உள்ளே வந்து வாசலருகே நின்றேன். எல்லாம் தெரிந்த பிறகும் மண்டபம் நீண்டுதான் போனது. அந்த ஸ்கூட்டர் எத்தனையாவது தூணருகே நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது என்றுதான் தோன்றியது.